எந்தத் துவக்கில் குறை

புதுத் துவக்கு, அதாவது புதுத் துப்பாக்கி, வந்துவிட்டது என்று செயலாளர் போனில் சொன்னபோது நான் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் முடித்துவிட்டுச் சோக்குத் தூளைத் தட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த வகுப்புக்கு மணி அடித்தது காதில் விழவே இல்லை. என்ன நிறம், என்ன எடை, குறிவளையம் எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே நின்றேன். அவர் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் சொன்னார். "ஞாயித்துக்கிழமை வாங்க டீச்சர். நீங்களே பாருங்க."

நான் கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சர். பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்தில் மாணவர் படையில் சேர்ந்து சுடப் பழகியது கையோடு ஒட்டிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் நுவரெலியாவுக்கு வெளியே ஒரு மலைச்சரிவை வெட்டி அமைத்த மைதானத்தில் எங்கள் சுடுகலைச் சங்கத்தார் கூடுவோம். தரையில் படுத்து, ஐம்பது மீட்டருக்கு அப்பால் இருக்கும் கறுப்பு வட்டம் அச்சிட்ட தாளைச் சுடுவதுதான் எங்கள் விளையாட்டு. மிருகத்தையோ பறவையையோ நான் சுட்டதில்லை. "கடுதாசியச் சுடுறதுக்கா இந்தப் பாடு?" என்று அக்கா கேட்பாள். ஆமாம், கடுதாசியைச் சுடுவதற்குத்தான். ஒரு துளை ஏன் அங்கே விழாமல் இங்கே விழுந்தது என்று யோசிப்பதில் எனக்கு அப்படி ஒரு ஆசை.

செயலாளர் இராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற சிங்களவர், எழுபதைத் தாண்டியவர். துப்பாக்கிகளும் தோட்டாக்களும் அவர் பொறுப்பில் பூட்டிக் கிடக்கும். அவர் இல்லாமல் மைதானத்தில் ஒரு தாழ்ப்பாள்கூடத் திறக்காது. புதியதைச் சோதித்து எழுதித் தரும் வேலையை அவர் என்னிடம் கொடுத்ததற்குக் காரணம் இருந்தது. பழைய துப்பாக்கி சரியில்லை என்று இரண்டு வருடமாக விடாமல் புலம்பி, கடைசியில் சங்கத்தின் குழுவுக்குக் கடிதமும் எழுதியவள் நான்தான். "புகார் குடுத்தவங்கதான் சாட்சியும் சொல்லணும்" என்று அவர் சிரித்தார். சிரிப்பில் கொஞ்சம் குத்தலும் இருந்தது.

இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு வருடமாக என் புள்ளிகள் இறங்கிக்கொண்டே வந்தன. முன்பு நான் சுட்ட தாளைச் சுவரில் ஒட்டி வைப்பார்கள். பிறகு நானே அதைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு போக ஆரம்பித்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று யாரும் என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. ஆனால் நினைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். மாகாணப் போட்டிக்கு எங்கள் சங்கத்தில் இருந்து நான்கு பேர் போகலாம். நான்காவது பெயர் என்னுடையது. ஐந்தாவதாக, என் குதிகாலை மிதித்துவிடும் தூரத்தில், டவுனில் நர்ஸ் வேலை பார்க்கும் ஒரு சிங்களப் பெண் இருந்தாள். புதிய துப்பாக்கி என் கையில் நன்றாகச் சுட்டால் குறை பழையதில்தான் என்று ஆகும், நான் போட்டிக்குப் போவேன். சுடாவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் யோசிக்கவே விரும்பவில்லை.

இன்னொன்றும் மனதின் அடியில் கிடந்தது. சங்கத்தில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் இருந்து வந்தவள் நான் ஒருத்திதான். சங்கத்துத் துப்பாக்கிகளில் பழசு எப்போதும் என் பக்கம் ஒதுங்குவதற்கு அதுவும் காரணமோ என்று சில ஞாயிறுகளில் பஸ்ஸில் வரும்போது நினைத்திருக்கிறேன். நினைத்ததை யாரிடமும் சொன்னதில்லை, அக்காவைத் தவிர.

ஒரு துப்பாக்கியைச் சோதிப்பது என்றால் எடுத்தோம் சுட்டோம் என்று முடிகிற காரியம் இல்லை. சுடுபவரின் மூச்சு, நாடித்துடிப்பு, கைநடுக்கம் எல்லாம் குண்டோடு சேர்ந்து போகும். துப்பாக்கியை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும் என்றால் சுடுபவரை முடிந்த மட்டும் வெளியே தள்ள வேண்டும். அதற்குத்தான் மணல் மூட்டை. துப்பாக்கி மூட்டையில் படுத்துக்கொள்ளும், நான் விசையை அழுத்த மட்டும் செய்வேன். அந்த வாரம் முழுக்க அதே வேலையாக இருந்தேன். உரச்சாக்கை வெட்டி ஆற்று மணல் நிரப்பி இரண்டு மூட்டை. பின்னால் தோள்கட்டைக்கு முட்டுக் கொடுக்க, பழைய காற்சட்டைக் கால் ஒன்றில் அரிசியைக் கொட்டி ஒரு சின்ன மூட்டை. அக்காதான் தைத்துக் கொடுத்தாள்.

"துவக்குக்கு மெத்தை, தலையாணி. எனக்கு ஒரு தலையாணி தச்சுத் தந்திருப்பியாடி?"

"நீங்கதானக்கா தச்சீங்க."

"அதான் சொல்றேன். நான்தான் எல்லாத்துக்கும் தைக்கணும்."

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். பதினாறு வயதில் கொழுந்து எடுக்கப் போனவள். போன வருடம்தான் எங்கள் தோட்டத்தில் பெண்களையும் கங்காணியாகப் போட்டார்கள், முதல் ஆளாக அவளைப் போட்டார்கள். அன்று முதல் வீட்டிலும் கங்காணிதான். குறிப்பலகை பார்க்கும் ஆள் கல்யாணவீடு என்று அந்த ஞாயிறு வராமல் போனதால், அவளையே கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கும் புதுத் துவக்கைப் பார்க்க ஆசை.

மைதானத்தில் பனி இன்னும் முழுதாக எழும்பவில்லை. செயலாளர் கொட்டகைக்குள் கம்பளிக் குல்லாவோடு உட்கார்ந்து, துணிக்குள் இருந்து அதை எடுத்து மேசையில் வைத்தார். எண்ணெய் வாசம் இன்னும் போகவில்லை. மரக்கட்டையில் ஒரு கீறல் இல்லை. பின்பக்கத்தில் தாழ்ப்பாள் மாதிரி ஒரு இரும்பு. அதன் கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, ஒரு தோட்டாவை வைத்து, முன்னால் தள்ளி, கீழே மடக்கினால் பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் இத்தனையும் செய்ய வேண்டும். பழையதில் அது தகர அலுமாரியைத் திறப்பது போலக் கரகரக்கும். இதிலோ நெய்யில் விரலை விட்டது போல வழுக்கிக்கொண்டு போனது. நான் தோட்டா இல்லாமலே நாலைந்து தரம் இழுத்துப் பார்த்தேன். செயலாளர் பேப்பரைப் பிரித்தார்.

எங்கள் தொலைநோக்கியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நுவரெலியாக் குளிரிலும் ஈரத்திலும் அதன் கண்ணாடிக்குள் பூஞ்சணம் பிடித்திருந்தது. அதில் பார்த்தால் குறிப்பலகை இருக்கிற இடம் தெரியும், துளை தெரியாது. ஆகவே ஏற்பாடு இப்படி. நான் சுடும்போது அக்கா பக்கத்தில் உள்ள மண் அணைக்குப் பின்னால் நிற்பாள். ஐந்து தோட்டா முடிந்ததும் நான் தாழ்ப்பாளைக் கழற்றி மூட்டைமேல் வைத்து, எழுந்து நின்று, செயலாளர் பச்சைக்கொடி காட்டிய பிறகுதான் அவள் பலகையிடம் போவாள். துளைகளைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போட்டுவிட்டு, எங்கே விழுந்திருக்கிறது என்று அங்கிருந்தே கத்துவாள். கத்துவது அவளுக்குப் புதிதல்ல. மலைக்கு மலை கத்திப் பழகிய தொண்டை.

புதுக் குழாயில் எண்ணெய் இருக்கும்வரை முதல் தோட்டாக்கள் மனம்போன போக்கில் போகும். ஆகவே முதல் ஐந்தை மண்ணில் சுட்டுத் தள்ளினேன். பிறகு தாள். குறிவளையத்துக்குள் கறுப்பு வட்டத்தைக் கொண்டுவந்து நிறுத்தி, மூச்சைப் பாதி விட்டு, விசையை அழுத்தினேன். ஐந்து தரம்.

அக்கா பலகையிடம் போய்ப் பார்த்தாள். "அஞ்சும் ஒரே எடத்துல கெடக்குடி! ஒரு குத்தியால மூடிரலாம்!"

எனக்கு நெஞ்சு குதித்தது. ஐந்து ரூபாய்க் குத்தியின் அளவுக்குள் ஐந்து துளை என்றால் அது நல்ல துப்பாக்கி. ஐந்தும் நடுவில் விழ வேண்டும் என்று இல்லை. ஒன்றுக்கொன்று பக்கத்தில் விழ வேண்டும், அவ்வளவுதான். நடுவுக்குக் கொண்டுவருவதற்குத்தான் கண் வைத்துக் குறிபார்க்கும் பின்பார்வையில் இரண்டு திருகுகள் இருக்கின்றன. ஒன்று மேல் கீழுக்கு, மற்றது இடம் வலத்துக்கு. எந்தப் பக்கம் திருகினால் குண்டு எந்தப் பக்கம் நகரும் என்று அம்புக்குறியும் போட்டிருக்கிறார்கள்.

"எந்தப் பக்கம் கெடக்கு?" என்று கத்தினேன்.

"சோத்தாங்கைப் பக்கம், ரெண்டு விரக்கடை!"

அக்கா என்னைப் பார்த்தபடி நிற்கிறாள். எதிரே நிற்பவரின் வலது கை எனக்கு இடது பக்கம். இதைக்கூட யோசிக்காவிட்டால் நான் என்ன கணக்கு டீச்சர்? குண்டு எனக்கு இடது பக்கம் விழுகிறது என்று தீர்மானித்து, அம்புக்குறியைப் பார்த்து, வலது பக்கம் திருகினேன். மறுபடி ஐந்து.

"இப்ப நாலு விரக்கடை! அதே சோத்தாங்கைப் பக்கம்!"

குறைய வேண்டியது கூடியிருக்கிறது. திருகை எடுத்துப் பார்த்தேன், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன், போட்டுக்கொண்டு பார்த்தேன். அம்புக்குறி தெளிவாகத்தான் இருந்தது. சரி, அம்புக்குறிக்கு எதிராகத் திருகிப் பார்ப்போம் என்று நான்கு விரற்கடைக்குக் கணக்குப் போட்டு எதிர்ப்பக்கம் திருகினேன். மறுபடி ஐந்து.

"நடுவுல வந்திருச்சு! கொஞ்சம் கீழ, ஒரு விரக்கடை!"

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கண்டுபிடித்துவிட்டேன்! வெளிநாட்டில் இருந்து வந்த புத்தம்புதுத் துப்பாக்கியின் திருகில் அம்புக்குறியை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். குறிப்புப் புத்தகத்தில் அப்போதே எழுதினேன்: "இடம் வலத் திருகு தலைகீழாக அடையாளமிடப்பட்டுள்ளது. திருப்பி அனுப்பலாம்." அடியில் கோடும் போட்டேன். புதிதாக வந்ததிலேயே இத்தனை பெரிய பிழை என்றால் பழையதில் என்னென்ன இருக்கும் என்று கொட்டகைக்குள் இருந்த செயலாளரிடம் கேட்கவும் வாயெடுத்தேன்.

மிச்சம் இருந்தது அந்த ஒரு விரற்கடை. மேல் கீழ்த் திருகையும் அம்புக்குறிக்கு எதிராகத்தான் திருக வேண்டும் என்று நினைத்துத் திருகப் போனவள், எதற்கும் ஒருதரம் அம்புக்குறியின்படியே பார்ப்போம் என்று மேலே திருகிச் சுட்டேன். குண்டு சொன்னபடி மேலே வந்து நடுவில் உட்கார்ந்தது. ஒரு திருகு சரி, ஒரு திருகு தலைகீழ். ஒரே தொழிற்சாலையில், ஒரே நாளில் செய்திருக்கும் இரண்டு திருகுகள். இது எப்படி என்று மண்டைக்குள் அரித்தது. தாழ்ப்பாளைக் கழற்றிச் செயலாளர் கையில் கொடுத்துவிட்டு நானே பலகைக்கு நடந்தேன்.

தாளில் அக்கா போட்ட வட்டங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. முதல் வட்டம் வலது பக்கம். இரண்டாவது அதற்கும் வலது பக்கம். நான் சுடும் இடத்தில் இருந்து பார்த்தால் வலது. தாளைப் பார்த்து நின்றாலும் வலது. எப்படிப் பார்த்தாலும் வலதுதான்.

"அக்கா, நீங்க என்னப் பாத்துத்தானே நின்னு சொன்னீங்க?"

"ஆமா."

"அப்ப சோத்தாங்கைன்னா ஒங்க சோத்தாங்கைதானே?"

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "என் கையை நான் எதுக்குடி சொல்றேன்? சுடுறது நீ. ஒன் கையத்தானே சொல்லணும்?"

அப்போதுதான் விளங்கியது. மலையில் கொழுந்து எடுப்பவர்கள் கீழே இருந்து மேலே பார்த்தபடி நிரையில் ஏறி வருவார்கள். கங்காணி மேலே நின்று அவர்களை எதிரே பார்ப்பாள். "சோத்தாங்கைப் பக்கம் விட்டுட்டுப் போறே" என்று அவள் கத்தினால் அது கொழுந்து எடுப்பவளின் சோற்றுக்கை. எங்கே நின்றாலும், எந்தப் பக்கம் திரும்பினாலும், வேலை செய்கிறவளின் கைதான் கணக்கு. அதைப் புரட்டி யோசிக்க வேண்டிய தேவை மலையில் யாருக்கும் இல்லை. தோட்டத்தில் பிறந்து தோட்டத்தில் வளர்ந்த எனக்கு இது தெரியாமல் போனது. நான் ஒருநாளும் நிரையில் நின்றதில்லை. அந்த வேலையை எனக்கும் சேர்த்து அக்காவே செய்துவிட்டாள்.

"இதுகூடத் தெரியாம என்னத்தடி படிச்சுக் கிழிச்ச?" என்று அக்கா கேட்டாள். இரண்டு பேரும் பலகைக்குப் பக்கத்தில் நின்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். கொட்டகையில் இருந்த செயலாளர் என்னவோ ஏதோவென்று எழுந்து நின்று பார்த்தார்.

திரும்பி வந்து குறிப்புப் புத்தகத்தில் எழுதியதை அடித்தேன். அடிக்கும்போது சிரிப்பு அடங்கிவிட்டது. அடியில் கோடு போட்டல்லவா எழுதியிருந்தேன்? மேல் கீழ்த் திருகு ஒன்று குறுக்கே வராமல் இருந்திருந்தால் ஒரு நல்ல துப்பாக்கியைப் பிழை என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருப்பேன். கணக்கும் சரியாக இருந்தது, காரணமும் சரியாக இருந்தது, முடிவு மட்டும் சுத்தப் பிழை. அப்படியானால் பழைய துப்பாக்கியைப் பற்றி நான் எழுதிய கடிதம் எந்தக் கணக்கில் எழுதியது? அதை ஒருநாளாவது மூட்டையில் வைத்துச் சுட்டுப் பார்த்தேனா?

பார்க்கவில்லை. இரண்டு வருடத்தில் ஒருதரம்கூடப் பார்க்கவில்லை. எதையும் அளந்து பார்க்காமல் விடாதவள், இதை மட்டும் ஏன் அளக்கவில்லை என்று என்னையே கேட்டேன். பதில் எனக்குப் பிடிக்காத பதிலாகத்தான் இருக்கும் என்று தெரிந்தது. ஆனாலும் அறிந்துகொள்ளும் ஆசை பயத்தைவிடப் பெரியது. செயலாளரிடம் போய்ப் பழையதையும் தரச் சொன்னேன். அவர் புருவத்தைத் தூக்கினார், பெட்டியைத் திறந்தார்.

நான்கு புதுத் தாள்கள் எடுத்தேன். முதல் தாளைப் புதியதால் மூட்டையில் வைத்துச் சுட்டேன். இரண்டாவதைப் பழையதால் மூட்டையில். பிறகு மூட்டைகளைத் தள்ளிவிட்டு, போட்டியில் படுப்பது போலவே படுத்து, கையில் வார் மாட்டி, என் கையால் பிடித்து மூன்றாவதைப் புதியதால் சுட்டேன், நான்காவதைப் பழையதால். ஒவ்வொரு தாளின் பின்புறமும் பென்சிலால் சின்னதாக அடையாளம் போட்டேன். மண் அணைக்குப் பின்னால் நின்ற அக்காவுக்கு எந்தத் துப்பாக்கி, மூட்டையா கையா என்று எதுவும் தெரியாது. தாளை மாட்டுவதும் கழற்றுவதும்தான் அவள் வேலை.

கொட்டகைப் படியில் நான்கு தாள்களையும் கலைத்து அவள் முன்னால் போட்டேன். செயலாளர் உள்ளே தோட்டாப் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"இதுல எது புதுத் துவக்கு சுட்டது, எது பழசு சுட்டதுன்னு சொல்லுங்க பாப்போம்."

அக்கா கொழுந்து தரம் பார்ப்பது போலக் குனிந்து பார்த்தாள். அவளுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. இரண்டு தாளை எடுத்து ஒருபக்கம் வைத்தாள். இரண்டை மறுபக்கம் வைத்தாள். முதல் இரண்டிலும் துளைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன, குத்தியால் மூடிவிடலாம். மற்ற இரண்டிலும் தேத்தண்ணிக் கோப்பையின் வாய் அகலத்துக்குச் சிதறிக் கிடந்தன.

"இந்த ரெண்டும் புதுசு. இந்த ரெண்டும் பழசு" என்றாள். பிறகு முகம் மலர்ந்து, "பாத்தியா? நீ சொன்னது சரிதான். பழசு ஒண்ணுத்துக்கும் ஒதவாது. எங்கெங்கயோ சுட்டு வச்சிருக்கு பாரு."

நான் தாள்களைத் திருப்பினேன். ஒட்டிக்கொண்டிருந்த இரண்டில் ஒன்று பழையது. சிதறிக் கிடந்த இரண்டில் ஒன்று புதியது. அக்கா பிரித்து வைத்தது துப்பாக்கியை அல்ல. ஒருபக்கம் மணல்மூட்டை சுட்டது, மறுபக்கம் நான் சுட்டது.

"ஆமாக்கா" என்று மட்டும் சொல்லித் தாள்களைச் சுருட்டினேன். கந்தப்பளை பஸ்ஸில் அவள் வழி நெடுகப் பேசிக்கொண்டு வந்தாள். போட்டிக்குப் போகும்போது என்ன சேலை, யார் வீட்டுச் சூட்கேஸை இரவல் கேட்கலாம் என்பதெல்லாம் பேச்சு. நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த வாரம் முழுவதும் அந்த நான்கு தாள்களும் மேசை லாச்சிக்குள் கிடந்தன. பென்சில் அடையாளத்தைப் பற்றி எனக்கு மட்டும்தான் தெரியும். அழிரப்பரால் நாலு இழுப்பு இழுத்தால் போதும். அக்காவைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் அவளும் மனசாரச் சொல்லுவாள், அவள் சொல்வது பொய்யும் ஆகாது. இதை எல்லாம் நான் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று இங்கே எழுதினால் அதுவும் பொய்தான்.

ஆனால் கோபத்துக்கும் வெட்கத்துக்கும் நடுவில் வேறொரு கேள்வி எழும்பிக்கொண்டே இருந்தது. சிதறல் ஏன் அப்படி இருக்கிறது? தாள்களை எடுத்து அடிமட்டத்தால் அளந்தேன். புதியதிலும் பழையதிலும் சிதறல் ஒரே மாதிரி மேலும் கீழுமாக நீண்டிருந்தது, பக்கவாட்டில் அதிகம் இல்லை. மூச்சா? மூச்சுத்தான் மேலும் கீழும் ஆட்டும். அல்லது கண்ணா? மாலையில் கொப்பி திருத்தும்போது வரிகள் இரண்டாகத் தெரிவதை நான் பல்புக்குப் பழி போட்டிருந்தேன். கேட்கக் கேட்க, இரண்டு வருடமாக நான் ஆராய்ந்திருக்க வேண்டியதை ஒரு இரும்புக் குழாயின் தலையில் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தது தெரிந்தது.

அடுத்த ஞாயிறு குழு கூடியது. கொட்டகை மேசையில் இரண்டு துப்பாக்கிகளும் கிடந்தன. பழையதைக் கழித்துவிடுவதற்கான கடிதம் ஏற்கனவே தட்டச்சு செய்யப்பட்டு, செயலாளரின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. காரணம் என்ற இடத்தில் என் கடிதத்தில் இருந்த வரியையே எடுத்துப் போட்டிருந்தார்கள். "குறி நிற்பதில்லை." என் சொந்தச் சொல்லைச் சிங்களத்தில் வாசித்தபோது அது இன்னும் உறுதியாக ஒலித்தது.

"புதுசு எப்படி டீச்சர்?" என்று செயலாளர் கேட்டார்.

"நல்லம் சேர். ஒரு குறையும் இல்லை."

"ஹரி", சரி என்று சிங்களத்தில் சொல்லி அவர் பேனாவை எடுத்தார். பழையதின் கடிதத்தைக் கிட்ட இழுத்தார்.

"அதுலயும் ஒரு குறையும் இல்லை" என்றேன்.

பேனா நின்றது. நான் நான்கு தாள்களையும் விரித்துப் பின்புறத்தைக் காட்டினேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் எது எது என்று சொன்னேன். மூட்டையில் வைத்தால் இரண்டும் ஒன்று. என் கையில் வந்தாலும் இரண்டும் ஒன்று. இரண்டு வருடமாக நான் சொல்லிவந்தது பிழை. நான்காவது இடம் இப்போது எனக்கு உரியதல்ல, அடுத்தவருக்குக் கொடுங்கள் என்றேன்.

செயலாளர் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அந்தக் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "டீச்சர், இப்படி ஒரு சோதனையை நான் என் வேலைக்காலத்திலேயே பார்த்ததில்லை" என்று சிங்களத்தில் சொன்னார். அது எனக்கு ஆறுதலாக இல்லை. நர்ஸ் பெண் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். புதியதை முதல் மூன்று பேரும் முறைபோட்டு எடுத்துக்கொண்டதால் அவள் பங்குக்குப் பழையது வந்தது. அவள் தயங்கி என்னைப் பார்த்தாள்.

"பயப்படாமச் சுடுங்க" என்றேன்.

அவள் படுத்தாள், கரகரவென்று தாழ்ப்பாளை இழுத்தாள், சுட்டாள். அன்று அவள் சுட்ட தாளைச் சுவரில் ஒட்டினார்கள். நான் கிட்டப் போய், அது எத்தனை அகலம் என்று விரலால் அளந்தும் பார்த்தேன். நெஞ்சு எரிந்தது. அந்த எரிச்சலோடேயே, அவள் மூச்சை எப்போது நிறுத்துகிறாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா லயத்து வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் பையை இறக்குவதற்குள் கேட்டாள்.

"என்னாடி சொன்னாங்க? என்னைக்குப் போறே?"

"நான் போகலக்கா. பேர எடுத்தாச்சு."

சுளகு நின்றது. அக்காவின் முகம் கறுத்தது. நான் பஸ்ஸில் நினைத்து அவளிடம் மட்டும் சொல்லியிருந்த பழைய சந்தேகம் முழுவதும் இப்போது அவள் முகத்தில் இருந்தது.

"எனக்குத் தெரியும். நம்ம லயத்து ஆளுன்னதும் எடுத்துட்டாங்க. அந்த நர்சுப் புள்ளயப் போட்டுட்டாங்களா? யாருடி எடுத்தா? அந்தக் கெழவனா? சொல்லு, யாரு எடுத்தா?"

"யாரும் எடுக்கலக்கா" என்றேன். "நான்தான் எடுத்தேன்."